வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

லினக்ஸைக் கணினியில் நிறுவிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் மாணவர்களில் பலருக்கு உண்டு. விலை கிடையாது; பழைய மடிக்கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத, ஆனால் நன்றாகவே உழைக்கும் கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு அதன்பின் இந்த ஆசை தேவையாகவே மாறிவிட்டது.

ஆனால் நிறுவத் தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு திரை வந்து வழிமறிக்கிறது. வன்தட்டை எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறது. பலருக்கும் கை தயங்குவது இங்கேதான். தயக்கம் நியாயமானதே. மொழியையோ நேர மண்டலத்தையோ தவறாகத் தேர்ந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இந்தத் திரையில் தவறினால் மூன்றாண்டுப் பாடக்குறிப்புகளும் ஆய்வேடும் குடும்பப் படங்களும் ஒரே சொடுக்கில் போய்விடக்கூடும். எனவே இதைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வோம்.

பாகம் என்றால் என்ன?

சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு. கட்டடம் ஒன்றுதான், ஆனால் கீழே வெள்ளையடிப்பதற்காக மேலே குடியிருப்பவர் சாமான்களை வெளியே எடுத்துவைக்க வேண்டியதில்லை. வன்தட்டின் பாகங்களும் இப்படித்தான். தட்டு ஒன்று, அதற்குள் தனித்தனியே அழித்து எழுதக்கூடிய எல்லைகள் பல.

எந்தப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தட்டின் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு பட்டியல் சொல்கிறது. வீட்டுப் பத்திரம் போன்றது அது. பழைய கணினிகளில் இருந்த எம்.பி.ஆர். பட்டியலில் நான்கு முதன்மைப் பாகங்களுக்கு மட்டுமே இடம். சுமார் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை அதனால் முழுமையாகக் கையாளவும் முடியாது. இன்றைய கணினிகளில் உள்ள ஜி.பி.டி. பட்டியலில் வழக்கமாக 128 பாகங்கள் வரை பிரிக்கலாம்.

லினக்ஸுக்கு என்னென்ன தேவை?

முதலாவது, கணினியைத் துவக்கிவைக்கும் ஈ.எஃப்.ஐ. பாகம். சில நூறு மெகாபைட் போதும். விண்டோஸ் உள்ள கணினியில் இது ஏற்கெனவே இருக்கும். அதையே லினக்ஸும் பகிர்ந்துகொள்ளும். இதை மட்டும் ‘ஃபார்மேட்’ செய்யாதீர்கள். செய்தால் விண்டோஸ் துவங்குவதற்கான வழியும் அழிந்துவிடும்.

இரண்டாவது, ‘ரூட்’ எனப்படும் மூலப் பாகம். இயங்குதளமும் மென்பொருள்களும் இங்கே குடியிருக்கும். 40 முதல் 60 கிகாபைட் ஒதுக்கினால் பெரும்பாலோர்க்குப் போதுமானது.

மூன்றாவது, ‘ஹோம்’ பாகம். உங்கள் கட்டுரைகள், படங்கள், பாடல்கள், நீங்கள் செய்துவைத்த அமைப்புகள் எல்லாம் இங்கே. மீதமுள்ள இடத்தை இதற்கே கொடுத்துவிடலாம்.

‘ஸ்வாப்’ பாகமும் வேண்டுமே என்று சிலர் கேட்பதுண்டு. நினைவகம் நிரம்பும்போது வன்தட்டில் இடம் கொடுக்கும் ஏற்பாடு அது. உபுண்டு 2017 முதல் தனிப் பாகத்துக்குப் பதிலாக ஒரு கோப்பையே இதற்குப் பயன்படுத்துகிறது. கணினியை ஆழ்ந்த உறக்கத்தில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புவோர் மட்டும் நினைவகத்தின் அளவுக்குக் குறையாமல் இதை ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஹோமைத் தனியே பிரிப்பது கட்டாயமல்ல. எல்லாவற்றையும் ஒரே பாகத்தில் வைத்தாலும் லினக்ஸ் ஓடும். பிறகு ஏன் பிரிக்க வேண்டும்? இயங்குதளம் பழுதானால் மீண்டும் பதிவிறக்கி அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம். நீங்கள் எழுதியதை எங்கிருந்தும் பதிவிறக்க முடியாது. திரும்பப் பெறக்கூடியதையும் பெற முடியாததையும் பிரித்துவைப்பதே இந்தப் பாகப்பிரிவினையின் நோக்கம். மறுமுறை நிறுவும்போது ரூட்டை மட்டும் அழித்து, ஹோமை ‘ஃபார்மேட்’ செய்யாமல் விட்டு, பழைய பயனர் பெயரையே கொடுத்தால், உங்கள் கோப்புகள் அப்படியே காத்திருக்கும்.

விண்டோஸோடு சேர்ந்து வாழ

2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸும் ‘பாஸ்’ லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. ‘பாஸ்’ என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த மாணவர்களுக்குத் தட்டு பிரிக்கப்பட்டே கையில் கிடைத்தது. நாம் கடையில் வாங்கும் கணினியில் அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். வரிசை இது:

1. முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. விண்டோஸில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தனியே எழுதிவையுங்கள். துவக்க அமைப்பை மாற்றியபின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

3. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் பாகத்தில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

4. விண்டோஸ் பாகத்தைச் சுருக்க, விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ கருவியையே பயன்படுத்துங்கள். கிடைக்கும் இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.

5. தம்ப் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, அந்த வெற்றிடத்தில் ரூட், ஹோம் பாகங்களை உருவாக்குங்கள். இரண்டுக்கும் ‘ஈ.எக்ஸ்.டி. 4’ கோப்பு முறை ஏற்றது.

நிறுவும் திரையில் ‘தட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்றொரு வாய்ப்பும் இருக்கும். விண்டோஸும் கோப்புகளும் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டுமே அது. கணினியில் இரண்டு தட்டுகள் இருந்தால் பெயரை மட்டும் நம்பாமல் கொள்ளளவையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிறுவ வந்த தம்ப் டிரைவும் அதே பட்டியலில்தான் நிற்கும்.

பிறகு இடம் போதாவிட்டால்?

சில மாதங்களில் ரூட் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வரலாம். உடனே பாகத்தைப் பெரிதாக்க ஓட வேண்டாம். பழைய கெர்னல்களையும் தேவையற்ற மென்பொருள்களையும் நீக்கினாலே பல கிகாபைட் மீளும்.

அப்படியும் போதவில்லை என்றால் ‘ஜிபார்ட்டெட்’ உதவும். ஒரு பாகம் வலப்பக்கம் வளர, அதை ஒட்டியே வெற்றிடம் இருக்க வேண்டும். பக்கத்துக் கடை காலியானால்தான் நம் கடையை இடித்துப் பெரிதாக்க முடியும். நான்கு கடை தள்ளிக் காலியாக இருந்து பயனில்லை. பயன்பாட்டில் இருக்கும் ஈ.எக்ஸ்.டி. 4 பாகத்தைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. சுருக்குவதற்குத் தம்ப் டிரைவிலிருந்து துவக்க வேண்டும். பாகத்தின் தொடக்கத்தை நகர்த்துவதானால் உள்ளிருப்பது அனைத்தும் இடம்பெயர வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மின்சாரம் நின்றால் ஆபத்து.

பிரித்தால் மட்டும் போதுமா?

போதாது. கடைவீட்டில் தீப்பிடித்தால் மேல்மாடி தப்புமா? ஹோம் தனிப் பாகமாக இருந்தாலும் தட்டு அதேதான். தட்டு பழுதானால் எல்லாப் பாகங்களும் சேர்ந்தே போகும். ஆகவே பாகப்பிரிவினை காப்பு நகலுக்கு மாற்று அல்ல. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் ஒரு வெளித்தட்டு வாங்கிவைத்தால் அந்தக் கவலை பெருமளவு தீரும்.

நமக்கு இதில் கூடுதல் பொறுப்பும் உண்டு. 1997இல் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால் ‘தமிழ்நெட் 97’ மாநாடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. யூனிகோட் பரவாத அக்காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டில், எழுத்துருவில் தமிழைத் தட்டச்சு செய்தோம். அப்படி எழுதிய நாடகங்களும் கவிதைகளும் மலர்க் கட்டுரைகளும் இன்னும் எத்தனையோ பழைய கணினிகளில் கிடக்கின்றன. முன்னாள் மாணவர்களே, அந்தப் பழைய கணினிக்கு லினக்ஸால் மறுவாழ்வு கொடுக்கும் எண்ணம் இருந்தால் நல்லது. ஆனால் பாகம் பிரிக்கும் திரைக்குப் போகுமுன் பழைய கோப்புகளையும், கூடவே அவற்றுக்குரிய எழுத்துருக்களையும் நகலெடுத்துவிடுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் படிப்பது கடினம்.