சொல்லும் துணிவும் கேட்கும் துணிவும்

நமது பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் கூட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்குகிறது. அதிபருக்கு முன்னால் "சரி ஸேர்" என்று தலையாட்டியவர்கள், வெளியே வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் மனதில் உள்ளதைப் பேசுகிறார்கள். கண்டி நகரத்துக் கடைகளிலும் இதே கதைதான். சரக்கு ஓடவில்லை என்பது வேலைக்கு நிற்கும் எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்குத்தான் கடைசியில் தெரியவரும். குறை சொல்ல நம்மிடம் ஆள் நிறைய உண்டு. சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் துணிவும், அதைக் கேட்கும் துணிவும்தான் அருமை.

இந்தத் துணிவுக்கு முன்மாதிரி தேடி நாம் தூரம் போகத் தேவையில்லை. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மார்க்கம் கெட்டுப்போகும் என்று அஞ்சி ஆங்கிலக் கல்வியை விட்டு ஒதுங்கியிருந்த சமூகத்திடம், அந்த ஒதுக்கம் நம்மைப் பின்தள்ளுகிறது என்று வெளிப்படையாக எழுதினார். எழுதியதோடு நின்றுவிடவில்லை. பிள்ளைகளுக்கு நாமே பள்ளிக்கூடம் வைப்போம் என்று கண்டியில் பாடசாலைகள் திறந்தார், பெண்பிள்ளைகளையும் மறக்கவில்லை. அரபுப் பாடநூல்கள் எழுதினார். 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவானபோது, வாப்பிச்சி மரிக்காரோடும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவோடும் சேர்ந்து உழைத்தார். குறை சொன்னவரே சுமையையும் தோளில் ஏற்றியதால்தான் அவருடைய கசப்பான சொல்லுக்கும் ஒரு பெறுமதி இருந்தது.

கேட்கும் துணிவு இதைவிடக் கடினம். பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரழி) ஒரு கேள்வி கேட்டதாக ஸீறா நூல்கள் கூறும்: இது வஹியா, அல்லது போர் யோசனையா? யோசனைதான் என்று பதில் வந்ததும், தண்ணீருக்குக் கிட்டப் போவதே நல்லது என்றார். படை இடம் மாறியது. உஹதில் நடந்தது இன்னும் ஆழமானது. மதீனாவுக்கு வெளியே சென்று போரிடலாம் என்று பலர் வற்புறுத்தினர். முடிவில் பெரும் இழப்பு. அதற்குப் பிறகு இறங்கிய ஆல இம்ரான் 159ஆம் வசனம் அவர்களை மன்னிக்கவும், தொடர்ந்து ஆலோசனை கலக்கவும் பணிக்கிறது. ஒரு யோசனை பிழைத்துப்போனதற்காக மஷூராவின் கதவு மூடப்படவில்லை.

நவீன ஆய்வும் இதற்குக் கிட்டத்தான் வந்து நிற்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் அங்குதான் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அங்குள்ளவர்கள் பயமின்றித் தவறைச் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே முறைப்பாடே வராத பாடசாலை நல்ல பாடசாலை என்று அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சாதாரண தரப் பெறுபேறு குறைந்தால், அதிபர் பாட ஆசிரியரைக் கேட்பதற்கு முன், "என்னுடைய நேரசூசியில் என்ன பிழை?" என்று தன்னிடமிருந்து தொடங்கட்டும். கூட்டத்தில் இளைய ஆசிரியர் முதலில் பேசட்டும்; மூத்தவர் பேசியபின் அவர் வாய் திறக்கமாட்டார். பாராட்டைச் சபையிலும் குறையைத் தனிமையிலும் சொல்வோம். அடுத்த கூட்டத்தில், சொன்னவற்றில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று அறிவிப்போம். கடை முதலாளிக்கும் இதே வழிதான்: நட்டத்தை முதலில் சொன்ன பையனுக்கு ஏச்சு விழுந்தால், அடுத்த நட்டத்தை எவரும் சொல்லமாட்டார்கள். உண்மை சொன்னவன் அந்த இடத்தில் எப்படி நடத்தப்பட்டான் என்பதைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.