300 ரூபம், 450 வேகம்

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற ப்ராசசரை 149 டாலருக்குக் கொண்டுவந்தது. மலிவுக் கணினிகளுக்கான சரக்கு. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். வாங்கியவர்கள் பலரும் அதை 450-ல் ஓட்டினார்கள். அதே மாதம் வெளியான 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலையோ நான்கு மடங்குக்கும் மேல். கணினி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் இதுவும் ஒன்று.

ப்ராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை செலரான் உள்ளுக்குள் நாலரையால் பெருக்கிக்கொள்ளும். அந்த நாலரையை இன்டெல் பூட்டிவிட்டது, துடிப்பைப் பூட்டவில்லை. துடிப்பை 100 ஆக்கினால் 450 வந்துவிடும். அப்படி மாற்ற வசதியில்லாத மதர்போர்டு வைத்திருந்தவர்கள், ப்ராசசர் அட்டையின் விளிம்பில் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும் தொடுமுனைகளில் பி21 என்ற ஒன்றை மட்டும் டேப் துணுக்கால் மறைத்தார்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்குத் தயாரான மதர்போர்டாக இருந்தால், செருகப்பட்டது 100-க்கான ப்ராசசர் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

ஓவர்கிளாக்கிங் எனப்படும் இந்த வேலை பலித்ததற்குக் காரணம், பென்டியம் 2 தயாரான அதே 0.25 மைக்ரான் முறையில்தான் இந்தச் சில்லும் தயாரானது என்பது. திறமை முன்பே உள்ளே இருந்தது. எல்லாச் சில்லுகளும் ஒன்றுபோல இல்லை என்பதுதான் சிக்கல். சில, 450-ல் விண்டோஸ் ஏறுவதற்குள் நின்றுவிடும். அவற்றுக்கு மின்னழுத்தத்தை 2 வோல்ட்டிலிருந்து 2.2 ஆக்கிப் பார்ப்பார்கள்.

அங்கேதான் சூடு குறுக்கே வருகிறது. டிரான்சிஸ்டர்கள் மாறிமாறித் திறந்து மூடுவதால் எழும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும்; மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்க அளவில் கூடும். வேகம் ஒன்றரை மடங்கு, மின்னழுத்தம் பத்து சதவீதம் என்றால் வெப்பம் 1.8 மடங்கு. சுமார் 19 வாட் சில்லு 34 வாட்டைத் தொடும்.

அந்தச் சூட்டை வெளியேற்றுவது ஹீட் சிங்க். அதன் அடிப்பாகமும் சில்லின் மேற்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் சில புள்ளிகளில்தான் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் காற்று. செம்போடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்துவது 15,000-ல் ஒரு பங்குதான். அந்த இடுக்குகளை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். பேஸ்ட்டும் செம்புக்குப் பக்கத்தில் வரமுடியாத கடத்திதான் என்பதால், தாராளமாக அப்பினால் கெடுதலே. மெல்லிய படலம் போதும்.

சாதனைக்காக ஓவர்கிளாக்கிங் செய்பவர்கள் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் சில்லின் மேல் பொருத்திய செம்புக் குவளையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். 2011-ல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் 8150, திரவ ஹீலியத்தின் குளிரில் 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டி கின்னஸில் இடம்பிடித்தது. கடையில் வாங்கும்போது அதன் வேகம் 3.6 தான். காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி மதர்போர்டில் சொட்டினால் எல்லாம் முடிந்தது என்பதால், அன்றாட வேலைக்கு இது ஆகாது.

இன்றைய ப்ராசசர்கள் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. 100 டிகிரியை நெருங்கினால் தாமே குறைத்தும் கொள்கின்றன. எனவே தூசி அடைத்த ஹீட் சிங்க் உள்ள கணினி, நாம் எதையும் தொடாமலேயே மந்தமாகிவிடும். புதிது வாங்க ஓடுவதற்கு முன், மூடியைக் கழற்றித் தூசியை ஊதி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவிப் பாருங்கள்.