எங்கே துலக்கினாய்?

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், "பல் துலக்கினாயா?" என்று கேட்டால், "துலக்கினேன் ஐயா" என்பான். அது பொய்யன்று. "எங்கே துலக்கினாய்?" என்று கேட்டாலோ விழிப்பான். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் துலக்கும் முறையைக் கற்பிப்போர் இந்த இரண்டாம் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. சுமார் ஆறு வயதில் முதற் பெரிய கடைவாய்ப்பல்லும், பன்னிரண்டு வயதையொட்டி அடுத்ததும் முளைக்கின்றன. இவை பாற்பல் எதையும் தள்ளிக்கொண்டு வருவன அல்ல. தாடையின் கோடியில் ஓசையின்றித் தோன்றிவிடுகின்றன. அங்கே நிலைப்பல் வந்திருப்பதைப் பல வீடுகளில் ஒருவரும் அறியார். பல்லின் மேலுறையாகிய எனாமலை ஆக்கும் உயிரணுக்களோ, பல் முளைத்த பின்னர் எஞ்சுவதில்லை. முறிந்த எலும்பு கூடும். எனாமலில் விழுந்த குழியை உடல் நிரப்பாது.

குழி விழுவது எவ்வாறு? பல்லின்மீது கிருமிகள் வெண்ணிறப் படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. மயிலாப்பூர் வீட்டில் காலைக் காப்பி, தியாகராய நகர்க் கடைத்தெருவில் பழரசம், அடையாற்றில் தனிப்பாட வகுப்பு முடிந்ததும் ஒரு மிட்டாய் என்று பொழுதெல்லாம் இனிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அவகாசமே இராது.

நம் முன்னோர் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றினர். அதில் பிழையில்லை. ஆயின் கடைவாயின் உட்புறத்தைக் குச்சி எட்டுவது அரிது. உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்தே விடுவன. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைலான் இழைப் பிரஷ் விற்பனைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தும் சிறந்த முறையொன்றை 1940-களில் வகுத்தவர், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சார்லஸ் பாஸ் என்பவர். மலேரியா ஆய்வில் பெயர் பெற்ற மருத்துவர் அவர். பல் மருத்துவர் அல்லர் என்பது வியப்பு.

அவர் முறை எளிது. மெல்லிய இழைகளுள்ள பிரஷை, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் 45 பாகை சாய்த்து வையுங்கள். இழைகளின் நுனி விளிம்பை விட்டு நகராதபடி, மிகச் சிறிதாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு வேளைக்கு இரண்டிரண்டு பற்களே. வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு மூன்றும் முடிய இரண்டு நிமிடமாகும். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷை நெட்டாகப் பிடிக்க வேண்டும். தரை கழுவுவதுபோல் அழுத்தி இழுத்தால் ஈறு கீழிறங்கி, பல்லின் கழுத்துத் தேயும்.

ஈற்றில் குருதி கண்டதும் துலக்குவதை நிறுத்திவிடும் இளைஞர் பலர். பெரும்பாலும் அக்குருதி, அங்கே படலம் தங்கியதால் வந்த அழற்சியின் அடையாளமே. ஆகவே மென்மையாகத் துலக்குவதே வழி. இரு வாரங்களிலும் நிற்காவிடில் மருத்துவரிடம் செல்க. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பசையில் ஃபுளோரைடு இருத்தல் நன்று. அது எனாமலை வலுப்படுத்தும். அளவு மிஞ்சினால் என்ன நேரும் என்பதும் நம்மவர் அறிந்ததே. நெல்லூர் மாவட்டத்துக் கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததை, கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1937-இல் வெளியிட்டனர். எனவே பசையை விழுங்காது துப்ப வேண்டும். இரவில் துப்பியபின் நீரால் பன்முறை கொப்பளிக்காமல் விடுவது, அம்மருந்து பல்லில் தங்க உதவும்.

இவ்வளவும் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது மேல். பதினான்கு வயதுப் பிள்ளை அறிவுரைக்கு மசியான், கண்ணாடியை நம்புவான். பல் மருத்துவர்கள் சாய மாத்திரையொன்று தருவதுண்டு. நன்றாகத் துலக்கியதாக எண்ணும் மாணவன் அதை மென்று, கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கட்டும். படலம் தங்கிய இடமெல்லாம் சிவந்து நிற்கும். முதல் நாளில் அச்சிவப்பு, கீழ்க் கடைவாய்ப்பற்களின் நாக்குப் பக்கத்திலும் ஈற்று விளிம்பிலுமே பெரும்பாலும் இருக்கும்.