கரையில் நின்று கத்தினால் போதுமா?



நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். பதினோரு வயதில் எங்கள் தோப்புக் கிணற்றில் துணி அலசப் போனவள், பாசி வழுக்கி உள்ளே விழுந்து விட்டேன். பெரியப்பா மகன் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்றோடு கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கி விட்டார். அதே கோடை விடுமுறையில் என் தம்பிக்கு மட்டும் இடுப்பில் கயிறும், முதுகில் சுரைக்குடுக்கையும் கட்டி நீச்சல் பழக்கினார்கள். நானும் கேட்டேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி நீச்சலு?" என்று அம்மா வாயை அடைத்து விட்டார்.

போன வருஷம் குடும்பத்தோடு அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போயிருந்தோம். முழங்கால் தண்ணீரில் விளையாடிக் கொண்டிருந்த என் எட்டு வயது மகள், பாறை இடுக்கில் இருந்த பள்ளத்தில் கால் வைத்து விட்டாள். பத்தடி தூரத்தில் நான். சேலையைப் பிடித்துக் கொண்டு கத்தத்தான் முடிந்ததே தவிர, ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை! பக்கத்தில் குளித்துக் கொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் தூக்கி விட்டார். நாலு மடக்குத் தண்ணீரோடு பிள்ளை தப்பித்தாள். எனக்குத்தான் பல நாள் தூக்கம் போயிற்று.

"இனிமே ஆறு, குளம், கிணறு எதுவும் வேணாம்" என்றார் என் மாமியார். நானும் தலையாட்டினேன். அந்தச் சமயத்தில்தான் நிஷா மில்லட்டைப் பற்றிப் படித்தேன்.

நிஷா 1982-ல் பெங்களூரில் பிறந்தவர். ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கி, மயிரிழையில் தப்பியவர். நம் வீடாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நிஷாவின் அப்பா நேர்மாறாகச் செய்தார். பயத்தை விட்டு வைக்கக் கூடாது என்று மகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தே தீருவதென்று முடிவு செய்தார். 1991-ல் சென்னை ஷெனாய் நகர் கிளப் நீச்சல் குளத்தில் அவரே மகளுக்கு முதல் ஆசிரியர் ஆனார்.

அடுத்த வருஷமே, 1992-ல், 50 மீட்டர் போட்டியில் நிஷாவுக்கு மாநில அளவில் முதல் பதக்கம். பிறகு பெங்களூர் பசவனகுடி நீச்சல் மையத்தில் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் பழகினார். 1999-ல் மணிப்பூரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அவர் ஒருவரே 14 தங்கப் பதக்கம் வாங்கினார். 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திக் கடந்த முதல் இந்தியப் பெண்ணும் இவரே. அர்ஜுனா விருதும் கிடைத்தது.

2000-ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் போட்டி. நீச்சலில் முதல் சுற்றைப் பல பிரிவாக நடத்துவார்கள். தன் பிரிவில் நிஷா முதலாவதாக வந்தார். ஆனால் எல்லாப் பிரிவினரின் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த சுற்றுக்கு எடுப்பார்கள். அதனால் அரையிறுதிக்குப் போக முடியவில்லை. 2002-ல் முதுகில் அறுவை சிகிச்சை. அப்புறமும் விடாமல் நீந்தியும், 2004 ஒலிம்பிக் வாய்ப்பு கொஞ்சத்தில் கை நழுவிப் போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் பதக்கங்களை அலமாரியில் அடுக்கி விட்டு ஒதுங்கியிருப்பார்கள். இவர் பெங்களூரில் தன் பெயரிலேயே நீச்சல் பள்ளி ஆரம்பித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்து விட்டார். தண்ணீரைப் பார்த்து அழும் பிள்ளையின் மனசு, அப்படி அழுத ஒருவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 14 தங்கத்தை விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், நிஷா நீந்திய அதே 200 மீட்டர் போட்டியில், பெங்களூரைச் சேர்ந்த தினிதி தேசிங்கு 14 வயதில் நீந்தினாள் என்பதையும் படித்தபோது எனக்கே ரோஷம் வந்து விட்டது.

என் தம்பியிடம் போய், "உன் மருமகளுக்கும் எனக்கும் சேர்த்து நீச்சல் சொல்லிக் கொடுடா" என்றேன். "அக்கா, நீயுமா?" என்று சிரித்தான். மாமியாரிடம் சொன்னதும் முகம் சுருங்கியது. "அத்தே, அன்னைக்கு எனக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா நானே தூக்கியிருப்பேனே" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சேலை, நைட்டியோட எறங்காத, கால்ல சுத்திக்கும். சுடிதாரைப் போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்து விட்டது!

நான் விழுந்த அதே கிணறு. இடுப்பில் கயிறு. மேலே காவலுக்கு மாமியார்! கை, கால் அடிப்பது அப்புறம். முதலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை ஊதப் பழகு என்றான் தம்பி. மகள் ஒரே நாளில் செய்தாள். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மல்லாந்து மிதந்து தென்னங்கீற்றையும் வானத்தையும் பார்த்த அன்று, என்னை அறியாமல் அழுது விட்டேன். இப்போது இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்புகிறேன். மகளோ மீன்குஞ்சு!

ஒன்றை மறக்க வேண்டாம் சகோதரிகளே. நீச்சல் தெரிந்தவர்களும் தனியாக இறங்கக் கூடாது. மலையில் மழை பெய்தால் நம் ஊர் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும். அந்த நேரத்தில் இறங்கவே கூடாது.

பாட்டு, டான்ஸ், இந்தி என்று பெண் பிள்ளைகளை எத்தனையோ வகுப்புக்கு அனுப்புகிறோம். உயிரைக் காக்கும் இந்த வித்தையை மட்டும் ஏன் ஆண் பிள்ளைகளோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்? மார்கழி விடியலில் தோழிகளை நீராட அழைத்த ஆண்டாள் பிறந்த ஊர்க்காரி நான். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் மகளையும் தண்ணீருக்கு அழைத்துப் போங்கள். முடிந்தால் நீங்களும் இறங்குங்கள்!

- ஒரு வாசகி, ராஜபாளையம்.