ஊஞ்சலாடும் பல்சர்கள்... கரும்பொருளைக் காட்டிக்கொடுக்குமா?

நட்சத்திரம், கோள், கடல், நாம் என எல்லாவற்றையும் சேர்த்தாலும் பிரபஞ்சத்தில் சுமார் 5 சதவீதம்தான். சுமார் 27 சதவீதம் 'டார்க் மேட்டர்' எனப்படும் கரும்பொருள். கண்ணுக்குத் தெரியாது, ஈர்ப்பு விசை மட்டும் உண்டு. கேலக்ஸிகள் சுழலும் வேகத்தை வைத்துத்தான் அது இருக்குன்னே சொல்றாங்க. சரி, அது எதனால் ஆனது? இன்னும் விடை இல்லை.

லேசான துகளா?

அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பூமிக்கடியில், பல டன் திரவ செனான் நிரப்பிய கருவிகளை வைத்து கனமான துகள்களைத் தேடுகிறார்கள். உறுதியாக எதுவும் சிக்கவில்லை. அதனால் வந்த இன்னொரு யோசனை: துகள் ரொம்ப ரொம்ப லேசாக இருந்தால்? எலக்ட்ரானைவிட கோடி கோடி கோடி மடங்குக்கும் மேல் லேசாக! அப்படியானால் அது தனித்தனி துகளாக இருக்காது. விண்வெளி முழுக்கப் பரவி, சீரான தாளத்தில் அசையும் அலை மாதிரி நடந்துகொள்ளும்.

இதில் பல்சருக்கு என்ன வேலை?

பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும், சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள உருண்டைதான் பல்சர். கலங்கரை விளக்கம் போலச் சுழன்று, கடிகாரம் மாதிரி ரேடியோ துடிப்புகளை அனுப்பும்.

1974-ல் ஹல்ஸும் டெய்லரும் அரெசிபோ தொலைநோக்கி மூலம் ஒரு ஜோடிப் பல்சரைக் கண்டுபிடித்தார்கள். துணை நட்சத்திரத்தோடு சேர்ந்து 7 மணி 45 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஈர்ப்பலைகளால் ஆற்றலை இழப்பதால், அந்த நேரம் ஆண்டுக்கு சுமார் 76 மைக்ரோ விநாடி குறைகிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ விநாடி. அதையே அளந்துட்டாங்க! ஐன்ஸ்டீன் கணக்கோடும் அது பொருந்தியது. 1993-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஊஞ்சல் கணக்கு

ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் கூடும். கண்ட நேரத்தில் தள்ளினால் ஒன்றும் ஆகாது. 2017-ல் பிளாஸ், லோபஸ் நசீர், சிபிர்யகோவ் ஆகியோர் சொன்னதும் இதைத்தான். கரும்பொருள் அலையின் தாளமும் ஜோடிப் பல்சர் சுற்றும் தாளமும் ஒத்துப்போனால், சிறு சிறு தள்ளல்கள் சேர்ந்து சுற்றும் நேரமே மெல்ல மாறும்.

ஈர்ப்பலையால் வரும் மாற்றம் இல்லையென்று எப்படித் தெரியும்? ஈர்ப்பலை எப்போதும் சுற்றும் நேரத்தைக் குறைக்கத்தான் செய்யும். கரும்பொருள் அலையோ தள்ளும் நேரத்தைப் பொறுத்துக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அதுவும் தாளம் ஒத்துப்போகும் ஜோடிகளில் மட்டும்.

இதுவரை சிக்கியதா?

இல்லை. ஆனா அதுவும் வீண் இல்லை. மாற்றம் தெரியாவிட்டால், 'இந்த எடையில், இவ்வளவு வலுவாக அந்த அலை இருக்க முடியாது' என்று ஒவ்வொரு வாய்ப்பாகக் கழித்துக்கொண்டே வரலாம். ஒவ்வொரு ஜோடியின் தாளமும் ஒவ்வொரு எடையைச் சோதிக்கும் என்பதால், எத்தனை ஜோடி கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உருவாகிவரும் எஸ்.கே.ஏ தொலைநோக்கி இன்னும் நிறைய பல்சர்களைக் காட்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. இந்தியாவும் அதில் பங்காளி.