பனியன் வேஸ்ட்டில் இருந்து வாழ்த்து அட்டை: கையால் செய்த காகிதம் ஏன் விலை அதிகம்?

வீட்ல ஒரு கல்யாணம். 300 பேருக்குத் தாம்பூலப் பை. அதில் மணமக்கள் பெயரோடு ஒரு சின்ன டேக் தொங்கவிடணும். ஆன்லைன்ல தேடினா ரெண்டு விதமா வருது. ஒன்று, மெஷினில் அச்சடித்து வெட்டிய அட்டை டேக். இன்னொன்று, ஓரம் பிசிறு பிசிறாக, தொட்டால் துணி மாதிரி இருக்கும் ‘ஹேண்ட்மேட் பேப்பர்’ டேக். இரண்டாவதன் விலை முதலாவதை விடப் பல மடங்கு.

இத்தனூண்டு காகிதத்துக்கு எதுக்கு இவ்வளவு விலை? உண்மையிலேயே கையால் செய்ததா, இல்ல பேர் மட்டும்தானா? பதில் தெரிஞ்சுக்க, புதுச்சேரியை ஒட்டிய ஒரு செம்மண் கிராமத்துப் பக்கம் போகணும்.

இடையஞ்சாவடிக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கிறது இடையஞ்சாவடி. கிழக்கே கடற்கரைச் சாலை. வடக்கே போனால் கழுவேலி ஏரி, அதைத் தாண்டி மரக்காணம் உப்பளங்கள். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட ஆரோவில், இந்த ஊரையும் குயிலாப்பாளையம், ஆலங்குப்பம் போன்ற ஊர்களையும் ஒட்டியே வளர்ந்தது. விவசாயக் கூலி, முந்திரித் தோப்பு வேலை என்று இருந்த இந்தப் பகுதிக்கு, கைவினைப் பொருட்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

காகிதம் அதற்கும் முன்பே பக்கத்தில் வந்துவிட்டது. புதுச்சேரி படேல் சாலையில் இருக்கும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-ல் தொடங்கியது. ஆரோவில்லில் ‘ஆரோவில் பேப்பர்ஸ்’ 1990-களில் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பழைய செய்தித்தாளில் கூடை, கிண்ணம், நகை எல்லாம் செய்யக் கற்றுக்கொடுத்து ஆரம்பித்தது ‘வெல் பேப்பர்’.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. துணியைக் கூழாக்கிப் புதுசாகத் தாள் எடுப்பது ‘கைக்காகிதம்’. ஏற்கெனவே இருக்கிற தாளை உருட்டி, மடித்து, ஒட்டிப் பொருள் செய்வது ‘காகிதக் கைவினை’. ரெண்டுமே கை வேலைதான். ஆனால், கடையில் ‘ஹேண்ட்மேட்’ என்ற ஒரே சொல் ரெண்டுக்கும் ஓடுது. குழப்பம் அங்கேதான் தொடங்குது.

இந்தக் கதையில் ஒரு தஞ்சாவூர்க்காரர்

இந்தியாவில் கையால் காகிதம் செய்வது பல நூற்றாண்டுப் பழக்கம். மில் காகிதம் வந்ததும் அது நொடிந்தது. 1934-ல் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, மீட்க வேண்டிய தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. அந்தச் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. பொருளாதாரம் படித்தவர். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் கழித்தார். ராஜஸ்தானின் சாங்கனேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு இவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

உள்ளூர் மூலப்பொருள், உள்ளூர் கை, உள்ளூரிலேயே தங்கும் கூலி. குமரப்பா பேசிய பொருளாதாரத்தின் சாரம் இது. ஒரு கிஃப்ட் டேக்கின் விலையைப் புரிஞ்சுக்கவும் இதே மூணு விஷயம் போதும்.

பனியன் எப்படிப் பேப்பர் ஆகுது?

திருப்பூரில் டி-ஷர்ட் வெட்டும்போது ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளை ‘பனியன் வேஸ்ட்’ என்போம். மெக்கானிக் கடையில் கை துடைப்பதும் அதில்தான். நல்ல கைக்காகிதத்துக்கு மூலப்பொருள் இந்த மாதிரிப் பருத்தித் துண்டுகள்தான்.

ஏன் பருத்தி? காகிதம் என்பதே செல்லுலோஸ் நார்களின் பின்னல். மரத்தில் செல்லுலோஸ் ஏறத்தாழ பாதிதான். மீதியில் ‘லிக்னின்’ என்ற பொருள் கணிசமாக இருக்கும். செய்தித்தாள் கொஞ்ச நாளில் மஞ்சளாகிறதே, அதற்கு லிக்னின் ஒரு முக்கியக் காரணம். வெள்ளைக் காகிதம் வேண்டுமென்றால் மரக்கூழை ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினை நீக்க வேண்டும். பருத்தி கிட்டத்தட்ட முழுக்கவே செல்லுலோஸ். லிக்னின் பிரச்சினையே இல்லை.

இனி வேலை இப்படிப் போகும்:

தரம் பிரித்தல்: எலாஸ்டிக், பட்டன், பாலியஸ்டர் கலந்த துணி எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுக்கணும். செயற்கை இழை தண்ணீரில் ஊறாது. ஒரு துண்டு கலந்தாலும் தாளில் முடிச்சாக நிற்கும்.

அரைத்தல்: துணியைப் பொடியாக நறுக்கி, ‘ஹாலண்டர் பீட்டர்’ என்ற தொட்டியில் தண்ணீரோடு பல மணி நேரம் சுழலவிடுவார்கள். 17-ம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் உருவான இயந்திரம். இதில் உள்ள கத்தி உருளை நாரை நசுக்கி, பிரித்து, மயிர்க்கால் போலச் சிலிர்க்க வைக்கும்.

தாள் எடுத்தல்: கூழைத் தொட்டியில் கரைப்பார்கள். நூறு பங்கில் சுமார் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். சல்லடை கட்டிய சட்டத்தை அதில் முக்கி, மட்டமாகத் தூக்கி, லேசாக அசைப்பார்கள். தண்ணீர் வடியும், நார் மேலே தங்கும். ஒரு முக்கல், ஒரு தாள்.

பிழிதல், உலர்த்தல்: ஈரத்தாளைத் துணி மேல் கவிழ்த்து, அடுக்கி, பிரஸ்ஸில் வைத்துத் தண்ணீரைப் பிழிவார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைப்பார்கள். பசை எதுவும் ஊற்றாமலே தாள் உறுதியாக நிற்கும். தண்ணீர் வெளியேற வெளியேற, பக்கத்துப் பக்கத்து நார்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

மை பரவாமல் தடுத்தல்: வெறும் பருத்தித் தாள் உறிஞ்சுதாள் மாதிரி. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம் இல்லையா, அது பாட்டுக்குப் பரவிக்கிட்டே போகும். அதைத் தடுக்க ‘சைஸிங்’ என்ற வேலை. கூழிலோ தாளின் மேலோ அதற்கான பொருளைச் சேர்ப்பார்கள். கடைசியாக, உருளைகளுக்கு இடையே அழுத்தி வழவழப்பாக்கினால் தாள் ரெடி.

ஒரு டேக்கின் கணக்கு

காகிதத்தின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை. அட்டைக்கும் டேக்குக்கும் 200-க்கு மேல் வேண்டும்.

240 ஜி.எஸ்.எம். கைக்காகிதம் எடுத்துக்கலாம். ஏ4 அளவில் ஒரு தாள் 15 கிராம். அதில் 5 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில் 12 டேக் வெட்டலாம். ஒரு டேக் ஏறத்தாழ ஒரு கிராம். நம்ம கல்யாணத்தின் 300 டேக்குக்கு 25 தாள். மொத்தம் அரைக்கிலோ கூட இல்லை, 375 கிராம்.

ஆக, நீங்க கொடுக்கிற பணத்தில் மூலப்பொருளின் பங்கு ரொம்பக் குறைவு. மீதி எல்லாம் கை. தரம் பிரிக்க ஒருவர், தாள் எடுக்க ஒருவர், கவிழ்த்துப் போட ஒருவர், உலர்த்த ஒருவர். அதோடு முடியலை. அளவாக வெட்டணும், ஸ்கிரீன் பிரிண்ட் போடணும், துளையிடணும், நூல் கோர்க்கணும், எண்ணிக் கட்டணும். 300 டேக் என்றால் 300 முறை நூல் கோர்ப்பது.

விஷயம் இங்கேதான் இருக்கு. தாளாகவே விற்றால், கிராமத்துக்கு வருவது தாள் எடுத்த கூலி மட்டும். அதே தாள் அட்டையாக, கவராக, டேக்காக மாறி வெளியே போனால், அத்தனை வேலைக்கும் கூலி அங்கேயே தங்கும். வெட்டுவது, ஒட்டுவது, கோர்ப்பது போன்ற இந்த வேலைகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் பெண்கள். பெரிய அட்டை வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரத்துண்டும் டேக்காகிக் காசாகும். அதுக்கும் உதவாத துணுக்குத் திரும்பக் கூழுக்கே போயிடும்.

வாழ்த்து அட்டையே செத்துப்போச்சே?

ஒரு காலத்தில் மார்கழி பிறந்தாலே பிளாட்பாரம் எங்கும் பொங்கல் வாழ்த்து அட்டைக் கடை. சிவகாசி அச்சில் மாடு, கரும்பு, சினிமா நட்சத்திரம். இன்றைக்கு அந்த வாழ்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டது. தபாலில் அட்டை அனுப்புவதே அபூர்வம்.

ஆனால், பொருள் கைமாறும் இடத்தில் காகிதம் இன்னும் இருக்கு. மொய் கவர் நல்ல உதாரணம். ஜிபே வந்த பிறகும், ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரில் பெயர் எழுதித் தருவதை நாம் விடலையே! திருமணப் பத்திரிகை, தாம்பூலப் பை டேக், கம்பெனி தீபாவளி கிஃப்ட், வீட்டிலிருந்து சோப்பும் கேக்கும் விற்பவர்களின் லேபிள் என்று கைக்காகிதம் இப்போது பிழைத்திருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

சிக்கல் காலண்டரில். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என ஆர்டர் குவிவது அக்டோபர் முதல் ஜனவரி வரை. இந்தக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை நிற்கும். மரக்காணத்தில் உப்பு எடுப்பதை நிறுத்தும் அதே மழை, தாள் உலர்வதையும் தாமதமாக்கும். ‘அடுத்த வாரம் வேணும்’ என்று நவம்பரில் கேட்டால், கூழை அவசரப்படுத்தலாம், வெயிலை அவசரப்படுத்த முடியாது.

எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

* பழுப்பு நிறத்தை நம்பாதீங்க. ‘கிராஃப்ட்’ எனப்படும் பழுப்புத்தாள் மில்லில் மரக்கூழில் செய்வது. பார்க்க நாட்டுத்தனமாக இருக்கும், அவ்வளவுதான்.
* ஓரத்தைப் பாருங்க. சட்டத்தில் முக்கி எடுத்த முழுத்தாளுக்கு நாலு பக்கமும் பிசிறு இருக்கும். ஆனால், வெட்டிய டேக்கில் பிசிறு இல்லை என்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது. மெஷின் தாளையும் ஈரப்படுத்திக் கிழித்துப் பிசிறு உண்டாக்கலாம்.
* வெளிச்சத்தில் பிடிங்க. நார் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல் தெரியும்.
* மடிச்சுப் பாருங்க. நீள நாருள்ள பருத்தித் தாள் மடிப்பில் சுலபமாக வெடிக்காது.
* கேளுங்க. ‘பருத்தியா, பழைய காகிதக் கூழா? எங்கே எடுத்த தாள்?’ நிஜமாகச் செய்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்கும்.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

பருத்திக் கழிவில் செய்தால் மரம் வெட்ட வேண்டியதில்லை, ஏற்கெனவே குப்பையான துணி பயனாகிறது. அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு ‘பசுமை’ன்னு சொல்லிட முடியாது. தண்ணீர் நிறையத் தேவை. சாயம் போட்டால் கழிவுநீரைச் சுத்திகரிக்கணும். தொட்டித் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்களா என்பது முக்கியமான கேள்வி. நிலத்தடி நீர் உப்பாகும் ஆபத்துள்ள கடலோரப் பகுதியில் இன்னும் முக்கியம்.

வாங்குகிற நாமும் கெடுக்கலாம். கைக்காகித அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் லேமினேஷன், கிளிட்டர், பாலியஸ்டர் ரிப்பன் எல்லாம் சேர்த்தால், அது மறுபடி கூழாகாது. கிளிட்டரும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பருத்தி நூலும் தண்ணீர் சார்ந்த மையும் போதும். விதை பதித்த தாளாக இருந்தால் சூடான லேசர் பிரிண்டரில் விடாதீங்க, விதை கெட்டுவிடும்.

வீட்டிலேயே முயற்சி செய்யலாமா?

தாராளமாக. ஆனால் பனியன் துணியை மிக்ஸியில் போடாதீங்க. நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் போய்விடும். எழுதி முடித்த நோட்டுத் தாள் போதும். வழவழ மேகஸின் தாளும் ஏடிஎம் ரசீதும் வேண்டாம்.

தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, நிறையத் தண்ணீரோடு பழைய மிக்ஸி ஜாரில் அரைங்க. பழைய போட்டோ ஃபிரேமில் கொசுவலையை இழுத்துக் கட்டினால் சல்லடை ரெடி. அகலமான டப்பில் கூழைக் கரைத்து, சட்டத்தை முக்கித் தூக்கி, ஈரமான பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்க. கனமான புத்தகங்களுக்கு அடியில் துணியோடு வைத்துப் பிழிந்து, நிழலில் உலர்த்துங்க. மிஞ்சின கூழை சிங்க்கில் மட்டும் ஊத்திடாதீங்க, குழாய் அடைச்சுக்கும்.

வெட்டும்போது கூர்மையான ஓரம் வேண்டாம் என்றால், ஸ்கேல் வைத்து ஈரத் தூரிகையால் கோடு போட்டு மெதுவாக இழுங்க. பிசிறு ஓரம் கிடைக்கும். அட்டையை மடிக்கும் முன், மை தீர்ந்த ரீஃபிலால் மடிப்புக் கோட்டை அழுத்திக்கொள்ளுங்க. எழுதும் முன், ஒரு மூலையில் பேனாவைச் சோதிச்சுக்கங்க.

பத்துத் தாள் எடுத்து முடிக்கும்போது முதுகு வலிக்கும், ரெண்டு தாள் கிழிஞ்சிருக்கும். அதே வேலையை நாள் முழுக்க, ஒரே கனத்தில் எடுப்பவரின் திறமை அப்போது புரியும்.

ஆர்டர் கொடுக்கும் முன் நாலு விஷயம்

1. தீபாவளிக்கு வேண்டுமென்றால் கோடையிலேயே பேசுங்க. வெயில் காலத்தில் தாள் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.
2. நிறமும் கனமும் தாளுக்குத் தாள் லேசாக மாறும். ‘எல்லாம் ஒரே மாதிரி இல்லை’ என்று திருப்பி அனுப்புவதாக இருந்தால் மெஷின் தாளே வாங்கிக்கலாம்.
3. வெறும் தாள் வாங்கி வேறு ஊரில் வெட்டி அச்சடிப்பதற்குப் பதில், முடிந்தவரை முழுமையாகச் செய்து தரச் சொல்லுங்க.
4. பேரம் பேசும்போது ஞாபகம் வெச்சுக்கங்க: பனியன் வேஸ்ட்டின் விலை எவ்வளவு குறைந்தாலும் டேக்கின் விலை பெரிதாகக் குறையாது. அதற்கு மேல் குறைக்கச் சொன்னால், குறைவது நூல் கோர்க்கிறவரின் கூலியாகத்தான் இருக்கும்.