செம்மறிக்கு எஸ் கிடையாது

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கோடையில் கரிசல் காட்டில் கிடை போட்டிருப்பார்கள். செம்மறிக் கூட்டம், ஊடே நாலைந்து வெள்ளாடு. நமக்கு எல்லாமே ஆடுதான். ஆங்கிலத்தில் எண்ணப் போனால்தான் வம்பு. வெள்ளாடு ஒன்றென்றால் கோட், பலவென்றால் கோட்ஸ். செம்மறியோ ஒன்றானாலும் ஷீப், நூறானாலும் ஷீப்.

பழைய ஆங்கிலத்தில் சில பெயர்ச்சொற்களுக்குப் பன்மை விகுதியே இல்லை. பெரும்பாலானவை பிற்பாடு எஸ் வாங்கிக்கொண்டன. ஷீப்பும், மானைக் குறிக்கும் டியரும் அப்படியே நின்றுவிட்டன. கோட் வேறு ரகம். ஒரு காலத்தில் கூஸ், கீஸ் ஆவதுபோல நடு உயிரை மாற்றிப் பன்மையானது. பிறகு எஸ் பக்கம் தாவிவிட்டது. உழவு மாடான ஆக்ஸோ எஸ் பக்கம் போகாமல், பன்மையில் இன்றும் ஆக்ஸன்தான்.

பிள்ளைகள் ‘டென் கோட்’ என்று எழுதினால் உடனே குட்டாதீர்கள். ‘பத்து ஆடு நிக்குது’ என்பதுதானே நம் பேச்சு? ‘கள்’ சேராமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய பெயரை நன்னூல், பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. பத்து என்று சொன்ன பிறகும் எஸ் கேட்பது ஆங்கிலத்தின் பிடிவாதம். கோட்டுக்கு எஸ் போடச் சொல்லுங்கள். ஷீப்புக்குப் போட்டால் மதிப்பெண் போகும்.